நடுவழியில் நிற்காத வண்டி

பூமியைக் காப்பாற்றத்தான் மின்சாரக் கார் வாங்கினேன் என்று லிஃப்ட்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நம்பிவிடாதீர்கள். அவருக்கும் பூமிக்கும் அப்படியொன்றும் ஒட்டுறவு கிடையாது. அவர்கள் குடியிருப்பின் வாசலில் இருந்த ஒரே பூச்செடி, அவர் பழைய வண்டியைப் பின்னால் எடுத்தபோதுதான் உயிரை விட்டது. உண்மையான காரணம் அவருடைய மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. ஊர்க்கோடியில் பழைய கார்களை வாங்கி விற்கிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, "மாமா, உங்க வண்டி இருமுற சத்தம் என் கடை வரைக்கும் கேக்குது. கொண்டாந்து விடுங்க, இரும்பு விலைக்கு எடுத்துக்கறேன்" என்றான். லிஃப்ட்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் வெந்தார். மச்சானுக்கு ஒரு திருகாணிகூடப் புரியாத வண்டி உலகத்தில் எது என்று யோசித்து, மறு வாரமே அதை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

அவருக்குத் தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. ஊரில் உயரமாக எழும்பி நிற்கிற பாதிக் கட்டடங்களில் லிஃப்ட் மக்கர் பண்ணினால் கூப்பிடுவது அவரைத்தான். தொழிலில் அவருக்கென்று ஒரு சித்தாந்தம் இருந்தது. யாராவது போனில், "லிஃப்ட் நின்னுடுச்சுங்க" என்று அலறினால் முதலில் ஒரு கேள்வி கேட்பார். "எங்க நின்னுச்சு? ரெண்டு மாடிக்கு நடுவுலயா, மாடியிலயா?" மாடியில்தான் என்று சொல்லிவிட்டால் போச்சு, குரலே மாறிவிடும். "மாடியில நின்னு கதவு திறந்துச்சுன்னா அது நின்னது இல்லங்க, சேர்ந்தது. நாளைக்கு வந்து பாக்கறேன்." இப்படியே சொல்லி முப்பது வருடம் ஓட்டிவிட்டார்.

அவர் மனைவி மருந்துக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். சீட்டில் மருத்துவர் என்ன கிறுக்கியிருந்தாலும் படித்துவிடுவார். கணவனின் முகத்தைப் படிப்பதெல்லாம் அவருக்கு ஒரு வேலையே இல்லை. புது வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். எங்கே எண்ணெய் ஊற்றுவது என்று கேட்கவில்லை. தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தீர்ப்பு மட்டும் சொன்னார்.

"ஒரு வருஷம் பாக்கறேன். குளிரு, வெயிலு, மழை எல்லாத்துலயும் ஓட்டிக் காட்டுங்க. ஒரே ஒரு தடவை சார்ஜ் தீந்து நடுவழியில நின்னுச்சுன்னா, மறுநாளே இது தம்பி கடையில நிக்கணும்."

"நின்னா நானே தள்ளிக்கிட்டுப் போய் விடறேன், போதுமா?" என்றார் லிஃப்ட்காரர். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் அவருக்கு நிகர் அவர்தான். மச்சான் அன்றைக்கே கடையில் ஒரு இடத்தைக் காலி பண்ணி வைத்தான்.

முதலில் வந்தது குளிர்காலம். எவ்வளவு தூரம் ஓடும் என்று ஷோரூம்காரன் ஒரு கணக்குச் சொல்லியிருந்தான் அல்லவா, அது சமதரையில், இதமான காற்றில், ஒல்லியான ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தனியாக ஓட்டினால் வருகிற தூரம். குளிர் வந்ததும் அதில் ஒரு பங்கு காணாமல் போனது. ஹீட்டரைப் போட்டால் இன்னொரு பங்கும் போகும் என்று தெரிந்ததும் லிஃப்ட்காரர் ஹீட்டர் பொத்தான் மேல் ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டார். இரண்டு ஸ்வெட்டரும் காதை மூடிய குல்லாயும் மாட்டிக்கொண்டு ஓட்டினார். மனைவிக்குப் பெரிய மனதோடு ஒரு போர்வை கொடுத்தார். நடந்தே வேலைக்கு வருகிற பெண்களெல்லாம் தெம்பாக வந்து சேர, கார் வைத்திருக்கிற இந்த அம்மாள் மட்டும் மூக்கு சிவந்து, விரல் விறைத்து வந்து நிற்பார். சளிக்கு மருந்து வாங்க வந்த ஒருவர், "நீங்களும் இதுலேயே ஒண்ணு போட்டுக்குங்கம்மா" என்று பரிதாபப்பட்டுவிட்டுப் போனார்.

அந்தக் குளிரில்தான் மனைவி முதன்முதலாகக் கேட்டார். "அக்காவைப் போய்ப் பாத்துட்டு வரலாமா?"

மனைவியின் அக்கா இருப்பது மலை மேல். வளைந்து வளைந்து ஏறுகிற பாதையின் முடிவில் ஒரு சின்ன ஊர், அதில் ஒரு ஓட்டு வீடு. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை, மகன் கடல் தாண்டி இருந்தான். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, கையில் தடியோடு நடந்துகொண்டிருந்தார். அவரால் கீழே இறங்கி வர முடியாது. இவர்கள்தான் மேலே போக வேண்டும்.

பெட்ரோல் வண்டி இருந்த காலத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? லிஃப்ட்காரர் மைத்துனி வீட்டு வாசலில் வண்டியை அணைக்கவே மாட்டார். அது உறுமிக்கொண்டே நிற்கும், இவரும் நின்றுகொண்டே டீயைக் குடித்துவிட்டு, "கிளம்பலாமா? ஏற்ற இறக்கம், இருட்டிடும்" என்பார். அக்காவும் தங்கையும் வாசற்படியில் நின்றபடி பாதிப் பேச்சு பேசி, மீதியை விழுங்கிவிட்டுப் பிரிவார்கள். கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்துதான்.

இப்போது அதற்கும் வழியில்லை. "குளிர் போகட்டும்மா. குளிர்ல பேட்டரி மந்தமா இருக்கும். ஏற்றம் வேற" என்றார். அவர் மனதில் ஓடியது ஏற்றமல்ல. மச்சான் கடையில் காலியாகக் கிடந்த அந்த இடம்.

வெயில் காலம் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்த வண்டியில் நல்லதே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். வீட்டிலிருந்தபடியே போனில் ஒரு தட்டுத் தட்டினால், உச்சி வெயிலில் நிற்கிற வண்டி உள்ளே ஜில்லென்று குளிர்ந்து காத்திருக்கும். எண்ணெய் மாற்றுவது, பெல்ட் மாற்றுவது, புகைச் சோதனை, ஒரு தொல்லையும் இல்லை. பெட்ரோல் பங்க் இருந்த திசையில் லிஃப்ட்காரர் தலை வைத்தும் படுக்கவில்லை. சிக்னல் விளக்கில் நின்று கிளம்பும்போது பக்கத்து வண்டிக்காரன் கண் இமைப்பதற்குள் அடுத்த தெருவில் இருந்தார். லிஃப்ட் பார்க்கப் போன இடங்களிலெல்லாம் பிடித்து வைத்துப் பெருமை பீற்றினார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கதவிடுக்கு வழியாகவே பாதி மகிமையைச் சொல்லி முடித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவரால் தப்பித்து ஓட முடியாதே!

ஒரே ஒரு நன்மைதான் அவரைத் திரும்பக் கடித்தது. அது அந்த அமைதி. பழைய வண்டியில் மனைவி எதையாவது ஆரம்பித்தால் ஒரு அழுத்து அழுத்துவார், இன்ஜின் கத்தும், "என்ன சொன்னே? கேக்கல" என்று தப்பிவிடுவார். இந்தப் பாழாய்ப்போன வண்டியில் மனைவி விடுகிற பெருமூச்சுகூடக் கேட்டுத் தொலைத்தது.

"அக்காவைப் பாக்கணும்னு சொன்னேனே."

"கேக்குதும்மா."

"கேட்டா சரி."

"வெயில் கொஞ்சம் தணியட்டும். சூட்டுல பேட்டரி..."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏசி நன்றாகத்தான் குளிர்ந்துகொண்டிருந்தது.

பிறகு மழை. மழை வந்தால் அந்தப் பேட்டையில் கரண்ட் போகும். கரண்ட் போனால் குடியிருப்பின் தூணில் மாட்டியிருந்த சார்ஜ் பெட்டி கண்ணை மூடிக்கொள்ளும். உடனே லிஃப்ட்காரர் ஊரில் இருக்கிற சார்ஜ் நிலையங்களைத் தேடி அலைவார். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு தனி ஆப். போன் முழுக்க ஆப். ஒன்றில் கடவுச்சொல் தப்பு, ஒன்றில் முன்பணம் தீர்ந்தது, ஒன்று மன்னிக்கவும் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கும். இயந்திரம் வேலை செய்கிற இடத்தில், அதற்கு நேர் முன்னால், எவனாவது டீசல் வண்டியை நிறுத்திவிட்டுச் சினிமாவுக்குப் போயிருப்பான்.

எப்படியோ இடம் கிடைத்துச் சொருகிவிட்டால் அங்கே இவரைப் போல இன்னும் இரண்டு பேர் குடை பிடித்து நிற்பார்கள். பேச்சைக் கேட்க வேண்டுமே! சர்க்கரை நோய்க்காரர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசிக்கொள்வதுபோல, "உங்களுக்கு எவ்ளோ?" "நாப்பது." "காலைல?" "எழுவது இருந்துச்சு, ஏசி போட்டேன், இறங்கிடுச்சு." வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள மாட்டார்கள்.

மழைக்கும் ஒரு சாக்கு இருந்தது. பாதையில் மண் சரியும், நனைந்த சாலையில் சார்ஜ் கூடச் செலவாகும். மனைவி அதற்குப் பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். விட்டது தொல்லை என்று லிஃப்ட்காரர் நிம்மதியாக இருந்தார். மனுஷனுக்கு எதில் நிம்மதி கிடைக்கிறது பாருங்கள்.

வருடம் முடியச் சில வாரங்களே பாக்கி. மறுபடி குளிர் எட்டிப் பார்த்த சமயத்தில் மலையிலிருந்து போன் வந்தது. அக்காவை மகன் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறான். வீட்டை விற்றாகிவிட்டது. இந்த மாதக் கடைசியில் விமானம். இனி அவர் திரும்பி வருவாரா, வந்தாலும் எந்த வீட்டுக்கு வருவார், யாருக்கும் தெரியாது.

மனைவி சண்டை போடவில்லை. "நான் பஸ்ல போய்ட்டு வந்துடறேன்" என்று மட்டும் சொன்னார். மலைப் பாதையில் பஸ் ஏறினால் இரண்டாவது வளைவிலேயே குடலைப் புரட்டுகிற உடம்பு அது. செய்தி கேட்டு வந்த மச்சானுக்கு, மாமாவை மட்டம் தட்ட வாய்ப்புக் கிடைத்ததில் அல்வா சாப்பிட்டது போல இருந்தது.

"எதுக்குக்கா பஸ்ஸு? என் டீசல் வண்டி எதுக்கு இருக்கு? சனிக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன். மாமா பாவம், வீட்டுல இருந்து பேட்டரிக்குப் போர்வை போத்திக்கிட்டு இருக்கட்டும்."

மனைவி வழக்கம்போல, "சும்மா இருடா" என்று தம்பியை அடக்குவார் என்று லிஃப்ட்காரர் காத்திருந்தார். அவரோ, "சரிடா, சீக்கிரமே வந்துடு" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய், அக்காவுக்காகப் பின்னி வைத்திருந்த கம்பளிச் சால்வையை மடிக்க ஆரம்பித்தார். மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். சால்வை மேல் சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் விழுந்தது. கதவோரம் நின்ற லிஃப்ட்காரருக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. மூன்று காலமும் தான் காப்பாற்றியது ஒரு தகர டப்பாவை, அதற்கு விலை இந்த அழுகை என்று அப்போதுதான் அந்த மண்டையில் ஏறியது.

"நாமளே போகலாம். நம்ம வண்டியில" என்றார்.

"நின்னுடுச்சுன்னா?"

"நிக்காது."

நிக்காது என்று அவர் சொன்னதற்கு ஒரு தொழில் காரணம் இருந்தது. கரண்ட் போனால், லிஃப்டுக்குள் ஒளிந்திருக்கிற பேட்டரி முழித்துக்கொண்டு பக்கத்து மாடி வரைக்கும் மெல்லக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும். வண்டிக்காரனும் மனுஷன்தானே, பூஜ்யத்துக்குக் கீழே கொஞ்சம் ஒளித்து வைக்காமலா இருப்பான்? வேறு எவனுக்கும் இப்படியொரு நம்பிக்கை வந்திருக்காது.

சனிக்கிழமை காலை வண்டி நூறு காட்டியது. மனைவி சால்வைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். போர்வை எடுத்து வரவில்லை.

"போர்வை எங்கம்மா?"

"வேண்டாம். நடுங்கினா நடுங்கிட்டுப் போறேன்."

மலையடிவாரம் வந்ததும் குளிர் கண்ணாடியில் படிந்தது. மனைவி கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு வெடவெடத்தார். லிஃப்ட்காரர் திரையில் சார்ஜ் எண்ணைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அப்புறம் நகத்தால் அந்த ஒட்டுத்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஹீட்டரைத் திருகினார். அந்த வருடத்தில் அவர் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான்.

பாதி ஏற்றத்தில் ஒரு சார்ஜ் நிலையம் உண்டு. அதை நம்பித்தான் வந்திருந்தார். போய்ப் பார்த்தால் இயந்திரத்தின் கழுத்தில் அட்டை தொங்கியது: பழுது. லிஃப்ட்காரர் இறங்கி அதைச் சுற்றி வந்து, தட்டி, உதைத்து, தொழில்முறையாகத் திட்டிவிட்டு வந்தார். இங்கிருந்து திரும்பினால் பயமே இல்லை. இறக்கத்தில் வண்டி தானாகவே கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், ராஜா மாதிரி வீடு போய்ச் சேரலாம். மேலே போனால், பாதி வளைவில் மச்சானுக்குப் போன் போட வேண்டிவந்தாலும் வரலாம்.

"திரும்பணும்னா திரும்பிடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார் மனைவி. குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"வந்தது வந்தாச்சு. உங்க அக்காவைப் பாக்காம இந்த வண்டி கீழ இறங்காது" என்று சொல்லி, மேல் நோக்கித் திருப்பினார்.

எண் இறங்கிக்கொண்டே வந்தது. இருபது, பன்னிரண்டு, ஏழு. ஹீட்டரை அணைக்க மனைவி கை நீட்டியபோது, "இருக்கட்டும், விடு" என்று லிஃப்ட்காரர் தடுத்தார். ஊர் எல்லையில் எண் பூஜ்யமானது. திரையில் ஒரு ஆமைப் படம் வந்து உட்கார்ந்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல? ஒளிச்சு வெச்சிருக்கான்!" என்று குதித்தார். ஒளித்து வைத்திருந்தது கொஞ்சம்தான். ஆமைக்குத் தகுந்த வேகத்தில் வண்டி ஊர்ந்தது. தலையில் விறகுக் கட்டோடு போன ஒரு கிழவர் அவர்களைத் தாண்டிப் போய், திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தார்.

அக்கா வீட்டு மதில் தெரிந்தது. கேட் தெரிந்தது. கேட்டுக்கு நாலு எட்டு முன்னால் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. லிஃப்ட்காரர் பெடலை மிதித்தார், திரையைத் தடவினார், "செல்லம், இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சினார். அது அசையவில்லை. ஒரு வருட வீம்பும் நாலு எட்டில் போச்சு.

சத்தம் இல்லாமல் வந்தும் அக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. தடியை ஊன்றி ஊன்றி கேட்டுக்கு வந்தார். தங்கை கதவைத் திறந்துகொண்டு ஓடினார். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா இந்தப் பக்கம் பார்த்தார்.

"வாங்க தம்பி. என்ன இது, வண்டியை அணைச்சுட்டீங்களா? அதிசயமா இருக்கே!"

லிஃப்ட்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஜன்னலைத் திறந்த பாவத்துக்குப் பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் வந்து தள்ளிக் கொடுத்தார்கள். வண்டியைக் கேட்டுக்குள் கொண்டுவந்து, லிஃப்ட் வேலைக்கு வைத்திருந்த தடித்த கேபிளைச் சமையலறை ஜன்னல் வழியாக இழுத்து, மிக்ஸி சொருகுகிற இடத்தில் சொருகினார். அந்தச் சின்ன பிளக்கில் சார்ஜ் ஏறுவது சொட்டு மருந்து விடுகிற மாதிரிதான். நாளை மதியத்துக்கு முன் கிளம்ப முடியாது என்றது திரை.

அப்போது மனைவியின் போன் அடித்தது. மச்சான். வேறு யார்?

"அக்கா, மாமா போனை எடுக்க மாட்டேங்கறாரு! எங்க நிக்குது வண்டி?"

லிஃப்ட்காரர் தலையைத் தொங்கப் போட்டார். "சொல்லிடும்மா. நின்னது நின்னதுதான். வாக்கு வாக்குதான்" என்றார் மெதுவாக. அவர் ஒரு வருடத்தில் பேசிய முதல் நேர்மையான பேச்சு என்று நினைக்கிறேன். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போனில் சொன்னார்.

"பெரியக்கா வீட்டுல நிக்குதுடா."

"வழியில நிக்கலையா? சத்தியமா?"

"மாடியில நின்னு கதவு திறந்துச்சுன்னா அது நின்னது இல்லடா, சேர்ந்தது. உங்க மாமாவைக் கேளு. முப்பது வருஷமா அதைச் சொல்லித்தான் எங்களுக்குச் சோறு போடறாரு. நீ போய் அந்த இடத்துல வேற வண்டியை நிறுத்து."

மறுநாள் காலையில் லிஃப்ட்காரர் எழுந்தபோது சமையலறையில் சிரிப்புச் சத்தம். மூட்டை கட்டி வைத்திருந்த பெட்டிகளுக்கு நடுவே அக்காவும் தங்கையும் தரையில் உட்கார்ந்து, பள்ளிக்கூட நாளிலிருந்து பாக்கி வைத்திருந்த பேச்சையெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். தன் மனைவி இப்படி வாய் விட்டுச் சிரித்து அவர் கேட்டதே இல்லை. இன்ஜின் சத்தத்தில் எங்கே கேட்டிருக்கப் போகிறது!

பழக்க தோஷத்தில் வெளியே போய் வண்டித் திரையைப் பார்த்தார். திடுக்கென்றது. நேற்று மாலை இருந்த அதே எண். ஒன்றுகூட ஏறவில்லை. கேபிளைத் தொட்டபடியே அது நுழைந்த ஜன்னல் வரை போய், வாசல் வழியாகச் சமையலறைக்குள் வந்தார். சுவரில் சுவிட்ச் அணைந்திருந்தது. நேற்று அவரே கையால் போட்ட சுவிட்ச். தானாக அணைகிற சுவிட்சை அவர் தொழிலில் இதுவரை பார்த்ததில்லை.

மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி மட்டும் ஒரு கணம் நின்றது.

"என்னங்க, ஏறிடுச்சா? மதியம் கிளம்பிடலாமா?"

லிஃப்ட்காரரின் விரல் சுவிட்ச் வரைக்கும் போய்விட்டது. ஒரு எண்ணுக்காக மனைவியை ஒரு குளிர்காலம் முழுக்க விறைக்க வைத்த விரல். அதை மெல்ல இழுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எங்கம்மா ஏறுது? குளிர்ல பேட்டரி மந்தமா இருக்கு. நாளைக்குத்தான் கிளம்ப முடியும் போல" என்று சொல்லிவிட்டு, ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"என்ன வண்டியோ!" என்றார் மனைவி, திரும்பிப் பார்க்காமலே.